கடைசிப் புளியங்கொட்டை

இது நடந்தது. போன கார்த்திகையில், செஞ்சியில். அக்கா சொன்னதை ஒரு நாளும், தங்கை சொன்னதை வேறொரு நாளும் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது. இரண்டும் எங்கேயும் முட்டவில்லை. அக்கா சுதர்சனா, வல்லத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். கண்ணால் பார்க்காத எதையும் நம்புகிற ஆள் இல்லை. இதையும் அவள் கண்ணால் பார்க்கவில்லை. கையால் தொட்டாள். அதுதான் சிக்கல்.

அவர்கள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. சமணக் குடும்பம், ஊரில் நயினார் என்பார்கள். அப்பா வாசுபூஜ்யனுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரம். தோல் உடைக்கிற மிஷினில் வலது ஆட்காட்டி விரலின் நுனியைப் பறிகொடுத்தவர். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்குமுன் அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மலை மேற்கே இருப்பதால் அங்கே பொழுது கொஞ்சம் முன்னதாகவே சாயும். அதற்குப் பிறகு யார் வாயிலும் எதுவும் படாது.

மழைக்காலத்து நான்கு மாதமும் இன்னொரு விரதம் உண்டு. பின்கட்டில் விளக்கு போடக்கூடாது. ஈசலும் விட்டில்பூச்சியும் வெளிச்சத்தில் வந்து விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்பார் வாசுபூஜ்யன். படிக்கிற பிள்ளைக்காக முன்னறையில் மட்டும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு பல்பு எரியும்.

சாப்பாடு முடிந்துவிட்டது. விளக்கு இல்லை. தூக்கம் வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் மூத்த மகளோடு பல்லாங்குழி ஆடுவார்.

மண்டியில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதற்குப் பசு என்று பேர், குழிக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம். "இன்னா நயினாரே, நேத்து எத்தினி பசு ஓட்டிக்கினு வந்தீங்க?" என்று மூட்டை தூக்குகிறவர்கள்கூடக் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே எடை பார்ப்பார்.

பலாமரப் பலகை. நடுவில் பித்தளைக் கீல். பிரித்தால் கிரீச் என்று ஒரு சத்தம் வரும். கை பட்டுப் பட்டுப் பளபளத்துப்போன புளியங்கொட்டைகள். அப்பாவை நைனா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். நைனா சுவரோரம் உட்காருவார், சுதர்சனா ஜன்னலோரம். ஆட்டம் தொடங்கும்போது கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். பிறகு கொட்டையின் நிறம் போகும். பிறகு குழி மறையும். கடைசியில் நைனாவின் முகமும் போய்விடும். அதற்கப்புறம் விரல்தான் கண். குழியைத் தடவி, கொட்டையை எண்ணி, அள்ளிப் போட வேண்டும்.

இருட்டிலும் நைனாவின் கையை அவளுக்குத் தெரியும். நுனி இல்லாத விரலில் கடைசிக் கொட்டை சிக்கிக்கொள்ளும். டொக், டொக், டொக்... கொஞ்சம் பொறுத்து, டொக். அந்தக் கடைசிச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு அப்பா இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்றே ஒன்று. அவர் அவளிடம் தோற்றதே இல்லை. ஒரு தடவைகூட. விட்டுக்கொடுத்தா நீ எப்போ கத்துக்குவ என்பார்.

அவளுக்குப் பத்து வயதில் ஒருநாள் மழை வந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கச் சொல்லி அம்மா லீலாவதி கூப்பிட்டாள். சுதர்சனா பாதி ஆட்டத்தில் எழுந்து போனாள். திரும்பி வந்து உட்கார்ந்து தடவிப் பார்த்தால், அவள் பக்கத்துக் கொட்டைகள் இடம் மாறியிருந்தன.

நைனா கேட்டார். "நீதானே போட்ட?"

"இல்லியே."

"நீ போடல?"

"இல்ல நைனா."

அவர் பலகையை மடித்துவிட்டார். மறுநாள், நீ வளர்ந்துட்ட, முன்னறையில போய்ப் படி என்று சொன்னார். தான் திருட்டு ஆட்டம் ஆடியதாக அவர் நினைத்துவிட்டார் என்று பத்து வயதுப் பிள்ளை அழுதது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இரண்டு நாள் கழித்து, மூடிய பின்கட்டுக் கதவுக்கு உள்ளே பலகை பிரிகிற சத்தம் கேட்டது. கிரீச்.

யாரு ஆடறது என்று அம்மாவைக் கேட்டாள். பாப்பா ஆடுது, நீ படி என்றாள் அம்மா.

பாப்பா என்றால் தங்கை ஜினப்பிரியா. ஐந்து வயது. இழுப்பு நோய்க்காரி. வீட்டில் எல்லோருக்கும் செல்லம்.

அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுதர்சனா வாய்ப்பாடு படித்தாள். இரண்டு கை. ஒன்று நைனாவின் கை, கடைசிக் கொட்டை தாமதமாக விழும். இன்னொன்று வேகமான கை. தாமதமே இல்லாமல் டொக்டொக்டொக்டொக் என்று போட்டு முடிக்கும். ஆட்டம் முடியும்போது தினமும் நைனாவின் குரல் மட்டும் கேட்கும்.

"தோத்துட்டேன்."

தினமும் அதே சொல். அவளிடம் சொல்லாத சொல். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பென்சிலின் முனை உடையும்.

ஆறு மழைக்காலம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரே வருடத்தில் அம்மா இரண்டு மகள்களையும் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். சின்னவளுக்குப் பதினொரு வயதுதான். இவ்வளவு சின்னப் பிள்ளையை எதற்கு அனுப்புகிறாய் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

வருடங்கள் போயின. அம்மா போய்ச் சேர்ந்தாள். ஜினப்பிரியா கல்யாணமாகி பெங்களூருக்குப் போனாள். சுதர்சனா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைனாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மலம் அள்ளினாள். படுக்கையில் கிடந்த நாட்களில் சாயங்காலமானால் அவர் பலகையைக் கேட்பார். பிரிச்சி வை, விளக்க அணை என்பார். ஒருநாள் அவள் ஆசையோடு எதிரே உட்கார்ந்தாள். பழைய இடம். ஜன்னலோரம்.

நைனா அவளைக் கண்ணெடுத்துப் பார்த்தார்.

"நீ இல்ல. எழுந்திரு."

அவ்வளவுதான் சொன்னார். மூன்றாம் நாள் இறந்தார். அந்த வீட்டில் திதியும் படையலும் கிடையாது. ஓர் உடம்பை விட்ட உயிர் உடனே அடுத்த உடம்புக்குப் போய்விடும், நடுவில் நின்று எட்டிப் பார்க்க அதற்கு நேரமில்லை என்று நைனாவே சொல்லுவார். அதனால் சுதர்சனா அவரை எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தாள்.

நீ இல்ல.

இது அதற்கு முந்தின வருடம். போன கார்த்திகைக்குள் வீடு விற்றாகிவிட்டது. தையில் சாவி கொடுக்க வேண்டும். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் தங்கையே எடுத்துக்கொள்ளட்டும் என்று சுதர்சனா சொல்லியிருந்தாள். ஒன்றைத் தவிர. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஜினப்பிரியா போன் செய்தாள். அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"எனக்கு வேற எதுவும் வாணாம்க்கா. பல்லாங்குழிப் பலகைய மட்டும் குடு."

"அத மட்டும் கேக்காத."

சனிக்கிழமை வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றாள் தங்கை. சுதர்சனா போனை வைத்தாள். சாப்பிட்டாயிற்று. முன்னறையில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். பின்கட்டில் விளக்கு போடவில்லை. நைனா போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளியே தூறல்.

டொக்.

பேனா நின்றது.

டொக். டொக். டொக்.

பலாமரக் குழியில் புளியங்கொட்டை விழுகிற சத்தம். அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதே இல்லை. பிறகு அமைதி. எதிராளி ஒருவர் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு மறுபடி... டொக்டொக்டொக்டொக்.

நைனாவின் கை இல்லை. கடைசிக் கொட்டை தாமதிக்கவில்லை. இது அந்த இன்னொரு கை.

பயம் வந்ததா என்று கேட்டதற்கு, வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வயிறு எரிந்தது என்றாள் சுதர்சனா. இப்போதுதான் பெங்களூரிலிருந்து பேசின தங்கை பின்கட்டில் இருக்க முடியாது. அது தெரியும். ஆனாலும் மனதில் வந்தது ஒன்றுதான். என் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஆள் இல்லை. பீரோ மேல் மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்த பலகை தரையில் பிரிந்து கிடந்தது. குழிகளில் கொட்டைகள். பாதி ஆட்டம்.

எலி என்று சொல்லிக்கொண்டாள். எலி முடிச்சை அவிழ்க்குமா என்று யோசிக்கவில்லை. யோசிக்காமலே படுத்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை தப்பாகக் கூட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பஸ் பிடித்து வீடு வந்து, அவசரமாகச் சாப்பிட்டு, மலைக்குப் பின்னால் வெளிச்சம் போவதற்காகக் காத்திருந்தாள். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

பலகையை அவள் மடித்து வைக்கவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சுவரோரம் உட்கார்ந்தாள். நைனாவின் இடம். டார்ச் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. ஒரு குழியைத் தடவி அள்ளினாள். போட்டாள். முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மழைச் சத்தம்.

கூரையிலிருந்து எங்கேயோ சொட்டுகிற சத்தம்.

டொக்டொக்டொக்டொக்.

ஜன்னலோரத்திலிருந்து. கைக்கெட்டுகிற தூரத்தில்.

சுதர்சனா தடவிப் பார்த்தாள். கொட்டைகள் நகர்ந்திருந்தன. மறுபடி போட்டாள். எதிரேயும் போட்டது. மூச்சுச் சத்தம் இல்லை. துணி உரசுகிற சத்தம் மட்டும்... குட்டைப் பாவாடை தரையில் நகர்கிற மாதிரி.

அப்போது எழுந்து ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. நைனா விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து வளர்த்த அந்தக் கையை ஒரே ஒரு தடவை தோற்கடிக்க வேண்டும். கணக்கு டீச்சர். எந்தக் குழியில் எத்தனை என்று மனதிலேயே வைத்துக்கொண்டாள். அடுத்த முறை அவள் அள்ளிப் போட்டது சரியாக ஒரு வெறும் குழிக்கு முன்னால் வந்து முடிந்தது. அதைத் தாண்டி எதிரே ரொம்பி இருந்த பெரிய குழியை ஒரேயடியாக வழித்து எடுத்தாள்.

எதிரே அசைவு நின்றது.

அவள் கொட்டைகளை முஷ்டிக்குள் மூடிக்கொண்டாள்.

அந்த முஷ்டியின் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

சின்னக் கை.

ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

குளிர்ச்சியாக இல்லை. சூடாக இருந்தது. காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் கை போல...

அழுத்தியது.

அவள் விரலைத் திறந்தாள். கொட்டைகள் சிதறின. கை விட்டது.

எப்படி முன்னறைக்கு வந்தாள் என்று தெரியாது. கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். மணி ஆறு நாற்பது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

டொக்.

இது பலகையில் விழுகிற சத்தம் இல்லை. சிமெண்ட் தரையில்.

டொக்.

நடையில்.

டொக்.

கதவுக்கு வெளியே.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. விடியும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை. காலையில் திறந்தபோது, பின்கட்டிலிருந்து முன்னறை வாசற்படிவரை புளியங்கொட்டைகள் ஒரே கோட்டில் கிடந்தன. சாண் அளவு விட்டு ஒன்று. குழிகளில் போடுகிற மாதிரி.

இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சின்னக் கை என்றால் அது பாப்பாவின் கைதான். அந்த வீடு அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது. செத்த பிறகும் நைனாவுக்கு அவள்தான் வேண்டும். கொட்டைகளைப் பொறுக்கும்போது இதை நினைத்துத்தான் அழுதாள்.

மத்தியானம் பெங்களூர் பஸ்ஸில் ஜினப்பிரியா வந்து இறங்கினாள். சாம்பாரில் உப்பு இல்லை, உன் சமையலுக்குத் துறவிதான் லாயக்கு என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தாள். சுதர்சனா சிரிக்கவில்லை. பாத்திரங்களைப் பிரித்துக் கட்டினார்கள். வெயில் இறங்கியது. பொழுதோடு சாப்பிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு தங்கை மெதுவாகப் பலகையின் பேச்சை எடுத்தாள். ஒரு வருடம் மட்டும் வைத்துக்கொள்கிறேன், பிறகு தந்துவிடுகிறேன் என்றாள்.

சுதர்சனாவுக்குத் தாங்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகத் தொண்டையில் வைத்திருந்தது வெளியே வந்தது.

"ஆடினது போதாதா உனக்கு? என்னைப் படிக்கச் சொல்லிட்டுத் தினமும் உன்னோடதான ஆடினாரு? தினமும் உங்கிட்டதான தோத்தாரு? பலகையாவது எனக்கு இருக்கட்டும்."

ஜினப்பிரியா கையில் இருந்த சணலைக் கீழே வைத்தாள்.

"நானா?"

"பின்ன யாரு?"

"அக்கா... எனக்கு அந்த ஆட்டமே தெரியாது."

தெருவில் ஒரு பைக் போனது.

ஜினப்பிரியா சொன்னது இதுதான். மழைக்காலம் வந்தால் கீழே ஈரம், இழுப்பு வரும் என்று அம்மா அவளைப் பொழுதோடு மாடியில் படுக்க வைத்துவிடுவாள். மாடிப்படி கொல்லைப் பக்கம். முன்னறையிலிருந்து பார்த்தால் தெரியாது. படுத்துக்கொண்டே கீழே கொட்டை விழுகிற சத்தத்தைக் கேட்பாள். இரண்டு கை. மெதுவான கை ஒன்று, வேகமான கை ஒன்று. தன்னை மட்டும் நைனா கூப்பிடவே மாட்டேன் என்கிறாரே என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

"அம்மாவக் கேட்டேன். அக்கா ஆடுது, நீ தூங்குன்னாங்க. சாவறவரைக்கும் அதான் சொன்னாங்க. நீதான்னு நெனச்சி உம்மேல எத்தினி வருஷம் பொறாமப்பட்டேன் தெரியுமா? அதான் கேட்டேன். அந்தப் பலகை ஒரு வருஷமாவது எங்கிட்ட இருக்கட்டும்னு."

சுதர்சனாவுக்கு நினைவு வந்தது கொடியில் காய்ந்த துணி. மழை. நீதானே போட்ட? நீ போடல?

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு மகள்களிடமும் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி கறுத்துவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து முன்னறைக் கதவைச் சாத்தினார்கள். இருந்த விளக்கையெல்லாம் போட்டார்கள். ஈசல் வந்தது. வரட்டும் என்று விட்டார்கள்.

பின்கட்டில் பலகை பிரிந்தது.

கிரீச்.

டொக்டொக்டொக்டொக்.

அமைதி. எதிராளிக்காக.

யாரும் போடவில்லை.

டொக். தரையில்.

டொக். நடையில்.

ஜினப்பிரியா அக்காவின் கையைப் பிடித்தாள். டொக்... கதவுக்கு இரண்டடி. டொக்... ஓரடி. தாழ்ப்பாள் லேசாக ஆடியது...

அப்போது, தூரத்தில், பின்கட்டுக்குள்ளிருந்து,

டொக்...

டொக்...

டொக்...

கொஞ்சம் பொறுத்து,

டொக்.

கதவருகே சத்தம் நின்றது. பிறகு குட்டைப் பாவாடை உரசுகிற சத்தம். திரும்பிப் போகிறது. வேகமாக. கூப்பிட்ட குழந்தை ஓடுகிற மாதிரி.

ரொம்ப நேரம் ஆடினார்கள். வேகமான கை. மெதுவான கை. வேகமான கை. மெதுவான கை. அக்காவும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். கடைசியில் அந்தக் குரல். இருவருக்கும் கேட்டது. இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

"தோத்துட்டேன்."

பலகை மடிந்தது.

சுதர்சனா விம்மி விம்மி அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து ஜினப்பிரியா முதுகைத் தடவிக் கொடுத்தாள். போய்ட்டுதுக்கா, போய்ட்டுது என்றாள்.

சுதர்சனா தலையை ஆட்டினாள். அது இல்லை.

"எங்கிட்ட ஒரு தடவகூட தோத்ததில்லடி அவரு."